பிளாஸ்க்ல சூடு ஓடுறது சுவர் வழியா இல்ல, வாய் வழியா

பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்கம் நைட் ஷிப்ட் பாக்குறவங்களுக்கு விடியக்காலை மூணு மணின்னா என்னன்னு நல்லா தெரியும், கண்ணு சொருகும், கேண்டீன்ல பாதி கடை மூடியிருக்கும், அப்ப கைல ஒரு சூடான தேத்தண்ணி இருந்தா அது ஒரு பெரிய துணை. என் கூட வேல பாக்குற தம்பி ஒருத்தனும் நானும் ஒரே நாள்ல ஒரே கடையில பிளாஸ்க் வாங்குனோம். ரெண்டும் அரை லிட்டர், ரெண்டும் ஸ்டீல், விலையும் அஞ்சு வெள்ளி பத்து வெள்ளி (ரிங்கிட்) வித்தியாசம்தான். அவன் எடுத்தது ஒல்லி வாய், நான் எடுத்தது ஐஸ் கட்டி போட வசதியா இருக்கும்னு அகல வாய். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு பேரும் கொதிக்க கொதிக்க தே ஓ, அதாவது பால் இல்லாத தேத்தண்ணி, ஊத்தி எடுத்துட்டு போறோம், மூணு மணிக்கு அவன் ஊதி ஊதி குடிக்கிறான், என்னோடது அப்படியே மடக்கு மடக்குன்னு குடிக்கிற சூட்டுல இருக்கு. எனக்கு போலி சரக்க கட்டிட்டாங்கன்னுதான் நெனச்சேன். அவன்தான் சொன்னான், “அண்ணே, வெளிய தொட்டுப் பாருங்க, ரெண்டும் குளுந்துதான் இருக்கு, சுவர்ல ஒரு கோளாறும் இல்ல, மூடியத் தொட்டுப் பாருங்க.” தொட்டேன். என்னோட மூடி வெதுவெதுன்னு இருந்துச்சு, அவனோடது அந்த அளவுக்கு இல்ல.

அந்த ஒரு தொடுதலுக்கு அப்புறம்தான் இத பத்தி தேடித் தேடி படிக்க ஆரம்பிச்சேன். எல்லாரும் பிளாஸ்க்னா சுவர பாக்குறோம், ரெண்டு சுவரா மூணு சுவரா, எந்த கம்பெனி ஸ்டீல்னு கேக்குறோம். ஆனா நல்ல பிளாஸ்க்ல சுவர் தன் வேலைய ஏறக்குறைய முழுசா முடிச்சிருச்சு, மிச்சம் இருக்குற சூடு போறது பெரும்பாலும் வாய் வழியாத்தான். ஏன் அப்படின்னு புரியணும்னா சுவர் எப்படி வேல செய்யுதுன்னு முதல்ல பாக்கணும்.

எங்க அப்பா செபராங் பிறை பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும்போது அம்மா ஒரு கண்ணாடி போத்தல்ல வரக்கோப்பி ஊத்தி, பழைய துண்ட சுத்தி கட்டி குடுத்து விடுவாங்க. ஒன்பது மணிக்கு பசியாற உக்காரும்போது அது சூடு ஆறி இருந்தாலும் சுத்தமா ஜில்லுன்னு ஆயிருக்காது. அந்த துண்டு சூட்ட உண்டாக்கல, வெளிய ஓடுறத கொஞ்சம் மெதுவாக்குச்சு, அவ்வளவுதான். இன்னிக்கு நூறு வெள்ளி குடுத்து வாங்குற பிளாஸ்க்கும் செய்யறது அதே வேலைதான், ஓட்டத்த தடுக்குறது. சூடு எப்பவுமே சூடான எடத்துலேருந்து குளுந்த எடத்துக்கு ஓடும். உள்ள ஐஸ் தண்ணி இருந்தா நம்ம ஊரு வெக்க வெளியிலேருந்து உள்ள வரும், உள்ள சுடுதண்ணி இருந்தா சூடு வெளிய போகும். திசைதான் மாறுது, தடுப்பு ஒன்னுதான், அதனாலதான் ஒரே சாமான் ரெண்டுக்கும் ஆகுது. அது எப்படி உள்ள இருக்குறது சூடா ஜில்லான்னு கண்டுபிடிக்குதுன்னு சின்னப் புள்ளைங்க கேப்பாங்க, அது எதையும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்ல.

துண்டு ஏன் வேல செஞ்சுச்சு? துணிய விட துணிக்குள்ள மாட்டிக்கிட்ட காத்துதான் காரணம். காத்து சூட்ட கடத்துறதுல ரொம்ப மந்தம், கண்ணாடி கடத்துற அளவுல ஏறக்குறைய நாப்பதுல ஒரு பங்குதான் கடத்தும். ஆனா காத்த சும்மா விட்டா அது சுத்த ஆரம்பிச்சிரும், சூடான காத்து மேல போகும், குளுந்தது கீழ வரும், அந்த சுத்துலயே சூட்ட தூக்கிட்டு போயிரும். துண்டோட நூலுங்க அந்த காத்த நகர விடாம புடிச்சி வைக்குது. தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல்ல மோரும் சிராப்பும் கலக்கி வைக்கிற பெரிய பெரிய ஐஸ் தோங், அந்த ஐஸ் பெட்டி இருக்கே, அதுக்குள்ள இருக்குற நுரையும் இதே வேலைதான், குட்டி குட்டி அறையா காத்தோ வேற வாயுவோ அடைஞ்சு கெடக்கும். அது நல்ல தடுப்புதான், ஆனா மொத்தமா வேணும், ரெண்டு விரல் கனத்துக்கு நுரை வச்சாத்தான் நாள் முழுக்க ஐஸ் நிக்கும். பைக்குள்ள போடுற பிளாஸ்க்ல அந்த கனத்துக்கு எடம் ஏது.

அப்ப அடுத்த கேள்வி, காத்தையே எடுத்துட்டா? இத செஞ்சு காட்டுனவரு ஜேம்ஸ் டூவார்னு ஒரு ஸ்காட்லாந்து விஞ்ஞானி, லண்டன்ல ராயல் இன்ஸ்டிடியூஷன்ல வேல பாத்தவரு, வருஷம் 1892. அவருக்கு தேத்தண்ணி ஒரு பிரச்சனையே இல்ல, அவரு போராடுனது எதிர் பக்கத்துல. ஆக்சிஜன் மாதிரி வாயுக்கள குளிர வச்சு தண்ணி மாதிரி ஆக்கிக்கிட்டு இருந்தாரு, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில கொதிக்கும், அத சாதாரண கண்ணாடி ஜாடியில வச்சா கண்ணு முன்னாலயே ஆவியாகி போயிரும். அதுக்காக ஒரு கண்ணாடி ஜாடிக்குள்ள இன்னொரு ஜாடிய வச்சு கழுத்துல மட்டும் ஒட்டி, நடுவுல இருக்குற காத்த உறிஞ்சி எடுத்துட்டு மூடுனாரு. 1898ல ஹைட்ரஜனையும் திரவமாக்குனாரு, அது மைனஸ் 253 டிகிரி. இன்னிக்கும் லேப்ல அத டூவார் பிளாஸ்க்னுதான் சொல்றாங்க. ஆஸ்பத்திரியில இருக்குற பெரும்பாலான எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள காந்தம் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்துல கெடக்குது, அத சுத்தி இருக்குறதும் இதே வெற்றிட சுவர்தான், நம்ம பிளாஸ்க்கோட பெரியண்ணன்னு சொல்லலாம். டூவார் இதுக்கு பேட்டண்ட் எடுக்கல. ஜெர்மனியில கண்ணாடி ஊதுற தொழில்ல இருந்த ரைன்ஹோல்ட் பூர்கர், வீட்டுக்கு ஆகுற மாதிரி உலோகக் கூட்டுக்குள்ள அத வச்சு 1903ல பேட்டண்ட் எடுத்தாரு, அடுத்த வருஷம் தெர்மோஸ்ங்குற பேருல வியாபாரம் ஆச்சு, கிரேக்க மொழியில சூடுங்குற வார்த்தைலேருந்து வந்த பேரு. டூவார் கோர்ட்டுக்கு போயும் அந்த உரிமை அவருக்கு கெடைக்கல. பின்னால அந்த பேரு ஊரெல்லாம் பரவி எல்லா பிளாஸ்க்குக்கும் பொதுப் பேரா ஆயி, 1963ல அமெரிக்க கோர்ட்டே அது பொதுச் சொல்லாயிருச்சுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. இங்கயும் எத்தனையோ வீட்டுல எந்த கம்பெனி பிளாஸ்க்கா இருந்தாலும் தெர்மோஸ்தான்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்ச விஷயம் ஒன்னு இருக்கு, அது வெற்றிடம் பாதி பாதியா வேல செய்யாது. காத்துல பாதிய எடுத்துட்டா சூடு போறதும் பாதியா குறையும்னுதான் யாரும் நெனப்போம். குறையாது. முக்கால்வாசி எடுத்தாலும் குறையாது. நூறுல 99 பங்கு எடுத்தாலும் அந்த குறுகலான சந்துல காத்து கடத்துற சூடு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். இத மேக்ஸ்வெல்ங்குற இயற்பியல் விஞ்ஞானி காலத்துலயே, அதாவது 19ஆம் நூற்றாண்டுலயே கணக்கு போட்டு சொல்லிட்டாங்க, அப்ப நம்புறதுக்கே கஷ்டமா இருந்துச்சாம், எனக்கு இப்பவும் அப்படித்தான் இருந்துச்சு.

அன்னதானத்துல சோத்துத் தட்ட வரிசையா நின்னு கை மாத்தி விடுறத நெனச்சிக்குங்க. இருபது பேரு நிக்கிறாங்க, ஒவ்வொருத்தரும் ஒரு எட்டு வச்சு பக்கத்து ஆள் கைல குடுத்துட்டு திரும்புறாங்க. இப்ப பத்து பேர வெளிய அனுப்பிட்டா மிச்சம் இருக்குற ஒவ்வொருத்தரும் ரெண்டு எட்டு நடந்து குடுக்குறாங்க. ஆளு பாதி, ஆனா ஒவ்வொருத்தர் தூக்கிட்டுப் போற தூரம் ரெட்டிப்பு, கடைசியில போய் சேர்ற தட்டு அதே கணக்குதான். காத்து மூலக்கூறும் இப்படித்தான், சாதாரண காத்துல ஒரு மூலக்கூறு இன்னொன்னு மேல மோதாம போற தூரம் தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கு அளவுதான், காத்த எடுக்க எடுக்க அந்த தூரம் நீண்டுக்கிட்டே போகும். எப்ப அந்த தூரம் ரெண்டு சுவருக்கும் நடுவுல இருக்குற சில மில்லிமீட்டர் சந்த விட பெருசாகுதோ, அதாவது ஒவ்வொரு ஆளும் அடுப்புலேருந்து பந்தி வரைக்கும் தனியாவே நடந்து போயிட்டு வர்ற நெலமை எப்ப வருதோ, அதுக்கு அப்புறம் ஆள கொறச்சா தட்டும் கொறையும், ஏன்னா இனிமே நடக்குறதுக்கு கூடுதல் தூரம் இல்ல. அந்த நெலமை வர்றதுக்கு காத்தழுத்தம் வெளிய இருக்குறதுல லட்சத்துல ஒரு பங்கு அளவுக்கு எறங்கணும், உருப்படியா தடுக்கணும்னா பத்து லட்சத்துல ஒரு பங்குக்கும் கீழ போகணும்.

இதனாலதான் பிளாஸ்க் கொஞ்சம் கொஞ்சமா கிழவனாகுற மாதிரி தெரியறதில்ல, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு இன்னிக்கு திடீர்னு செத்துருச்சுன்னு சொல்லுவாங்களே, அதுக்கு காரணம் இதுதான். வெல்டிங்ல கண்ணுக்கு தெரியாத ஒரு விரிசல் விழுந்து சந்துக்குள்ள இத்துணூண்டு காத்து போனாலே போதும், ஆயிரத்துல ஒரு பங்கு காத்து ஏறுனாலே அது ஏறக்குறைய முழு காத்து இருக்குற மாதிரிதான் நடந்துக்கும்.

வெற்றிடம் மட்டும் பத்தாது, வெயில் சூரியன்லேருந்து வெற்றிடத்த தாண்டித்தானே நம்ம மேல படுது. சூடா இருக்குற எதுவும் கண்ணுக்கு தெரியாத கதிரா சூட்ட வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், அதுக்கு காத்து வேண்டியதில்ல. நான் இதுக்கு ஒரு கணக்கு போட்டு பாத்தேன். 95 டிகிரி தண்ணி உள்ள, வெளிய நம்ம ஊரு 30 டிகிரி, அரை லிட்டர் பிளாஸ்க், உள் சுவர் சாதா கண்ணாடின்னு வச்சிக்கிட்டா, வெற்றிடம் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் கதிரா மட்டுமே அதிகபட்சம் 20 வாட் கிட்ட போயிரும், அந்த வேகத்துல ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு டிகிரி எறங்கிரும். அதே சுவர வெள்ளி பூசி முகம் பாக்குற கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆக்குனா அந்த 20 வாட் நூறுல ஒரு பங்கா, 0.2 வாட் அளவுக்கு சுருங்கிரும், அப்ப ஒரு டிகிரி எறங்க கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆகும். பளபளப்பான உலோகம் கதிர வாங்கவும் செய்யாது, விடவும் செய்யாது. பழைய கண்ணாடி பிளாஸ்க்க எட்டிப் பாத்தா முகம் தெரியுதே, அது அழகுக்கு இல்ல. அந்த வெள்ளிய ரெண்டு சுவருக்கும் நடுவுல, வெற்றிடப் பக்கமாத்தான் பூசுவாங்க, அதனால நம்ம தேத்தண்ணி அத தொடவும் முடியாது, தேய்ச்சு கழுவி எடுக்கவும் முடியாது.

கண்ணாடிக்கு ஒரே குறை, உடையும். லோரியில தூக்கிட்டு போறவங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க எல்லாம் கண்ணாடிய நம்ப முடியாது. வில்லியம் ஸ்டான்லிங்குற அமெரிக்கர் 1913லயே முழுக்க ஸ்டீல்ல ஒன்னு செஞ்சாரு, ஆனா இப்ப நாம கைல வச்சிருக்குற லேசான ஸ்டீல் பிளாஸ்க்குக்கு வழி போட்டது ஜப்பான்ல நிப்பான் சான்சோங்குற வாயு கம்பெனி, 1978ல. பின்னால 1989ல அவங்களே தெர்மோஸ் கம்பெனியையும் வாங்கிட்டாங்க. ஸ்டீல்ல ஒரு வில்லங்கம் என்னன்னா, அது தனக்குள்ள ஹைட்ரஜன கொஞ்சம் புடிச்சி வச்சிருக்கும், வருஷக் கணக்குல அத மெல்ல மெல்ல வெற்றிடத்துக்குள்ள கசிய விடும், மேல சொன்ன மாதிரி அங்க இத்துணூண்டு வாயு வந்தாலே கதை முடிஞ்சிரும். அதுக்காக உள்ள ஒரு சின்ன வில்லை வச்சு மூடுவாங்க, வர்ற வாயுவ அது உறிஞ்சி புடிச்சிக்கும், கெட்டர்னு சொல்றாங்க. நம்ம பிளாஸ்க்குக்குள்ள வருஷக் கணக்கா ஒரு வில்லை காவல் இருக்குன்னு எனக்கு முன்ன தெரியாது. உள் சுவரோட மறுபக்கத்துல செம்பு பூசறதோ அலுமினியத் தாள் சுத்துறதோ வெள்ளிக்கு பதிலா. கடையில செம்பு பூச்சுன்னு எழுதி கூட காசு கேக்குறாங்களே, அது பொய் இல்ல, ஆனா அந்த லாபம் சுவர்ல, நான் சொல்ல வந்த ஓட்டை வேற எடத்துல.

இப்ப கணக்க நேர் பண்ணுவோம். அரை லிட்டர் நல்ல பிளாஸ்க் 95ல ஆரம்பிச்சு ஆறு மணி நேரத்துல 70க்கு வந்துச்சுன்னா, அது சராசரியா ரெண்டரை வாட் அளவு சூட்ட விட்டிருக்குன்னு அர்த்தம். சுவர் வழியா கதிரா போனது அதுல சின்னப் பங்கு. மிச்சம் எல்லாம் எங்க? உள் சுவரும் வெளி சுவரும் ஒரே எடத்துலதான் ஒன்னா சேருது, அது வாய். சூடு உள் சுவர் ஸ்டீல் வழியாவே மேல ஏறி, வாய் விளிம்புல திரும்பி வெளி சுவருக்கு எறங்குது. அதனாலதான் நல்ல பிளாஸ்க்ல கழுத்துப் பக்கம் ஸ்டீல் ரொம்ப மெல்லிசா இருக்கும், செம்பும் அலுமினியமும் இல்லாம ஸ்டெயின்லஸ் ஸ்டீலா இருக்குறதுக்கும் அதுவே ஒரு நல்ல காரணம், செம்பு அத விட இருபது மடங்குக்கு மேல கடத்தும். வாய் சுற்றளவு ரெட்டிப்பானா இந்த பாதையும் ரெட்டிப்பு அகலம், மூடியோட பரப்பு நாலு மடங்கு. மூடியில வெற்றிடம் எல்லாம் பெரும்பாலும் கெடையாது, பிளாஸ்டிக்கும் உள்ள கொஞ்சம் நுரையோ காத்தோதான். என்னோட அகல வாய் பிளாஸ்க்குக்கு நடந்தது இதுதான், நான் ஐஸ் போட வசதின்னு வாங்குன வாயிலதான் என் சூடு முழுக்க போச்சு.

சூடான தண்ணிக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் இருக்கு, சூடானது மேல போய் நிக்கும். சுவர் ஓரமா ஆறுன தண்ணி கீழ எறங்க, இருக்குறதுலயே சூடானது மூடிகிட்ட போய் நிக்கும், அதாவது ஓட்டை எங்க இருக்கோ அங்கயே போய் நிக்கும். ஜில் தண்ணி அதுக்கு நேர் மாறு, மூடி வழியா சூடு உள்ள வந்தாலும் மேல இருக்குற தண்ணி மட்டும் லேசாகி அங்கயே மெதக்கும், கீழ இருக்குறது பாட்டுக்கு ஜில்லுன்னு கெடக்கும். பெட்டியில சூடு 12 மணி நேரம், ஜில் 24 மணி நேரம்னு போட்டிருக்கும்ல, அதுக்கு ஒரு காரணம் இது. பெரிய காரணம் இடைவெளி, 95க்கும் 30க்கும் நடுவுல 65 டிகிரி இருக்கு, 4க்கும் 30க்கும் நடுவுல 26தான். எடைவெளி கொறைஞ்சா ஓட்டமும் கொறையும். ஐஸ் கட்டி போட்டா கேக்கவே வேணாம், ஒரு கிலோ ஐஸ் வெறுமனே கரையறதுக்கு 334 கிலோஜூல் சூடு வேணும், அந்த சூட்டுல ஒரு கிலோ தண்ணிய 80 டிகிரி ஏத்திரலாம். ஒரு வாட் அளவுக்கு உள்ள கசியுற பிளாஸ்க்ல 200 கிராம் ஐஸ் போட்டா அது முழுசா கரைய 18 மணி நேரம் ஆகும்.

ஆனா பெட்டியில போட்டிருக்குற கணக்க நம்ம ஊருக்கு அப்படியே எடுக்கக்கூடாது, இது கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. ஜப்பான் பெட்டியில பாத்தா 95 டிகிரி தண்ணி ஊத்தி 6 மணி நேரம் கழிச்சு எவ்வளவு இருக்குன்னும், 4 டிகிரி தண்ணி ஊத்தி எவ்வளவு ஏறுச்சுன்னும் போட்டிருக்கும், அந்த சோதனை 20 டிகிரி ரூம்ல நடக்குறது. ஜார்ஜ்டவுன்ல மத்தியானம் 20 டிகிரிய எங்க பாக்குறது. ரூம் 30 டிகிரின்னா சூட்டுக்கு நமக்கு லாபம், 75 இருந்த எடைவெளி 65 ஆகுது. ஜில்லுக்கு நஷ்டம், 16 இருந்த எடைவெளி 26 ஆகுது, ஒன்றரை மடங்குக்கும் மேல. அதனால நம்ம ஊர்ல சூட்டுக்கான எண்ண நம்பலாம், ஜில்லுக்கான எண்ணுல மூணுல ஒரு பங்குக்கு மேலயே கழிச்சிக்கணும். வெயில்ல நிக்கிற கார்ல போட்டு வச்சா இன்னும் மோசம்.

நம்ம ஊரு ஈரக்காத்துல ஒரு நல்ல வசதியும் இருக்கு, பிளாஸ்க் உயிரோட இருக்கான்னு பாக்க மெஷினே வேணாம். தே ஐஸ் ஓரம் கட்டி பிளாஸ்டிக் பையில வாங்கிட்டு வந்தா ரெண்டு நிமிஷத்துல பை முழுக்க வேர்த்து கை நனையுது இல்ல, அந்த தண்ணி காத்துலேருந்து வந்து படியுறது, படியும்போது தன் சூட்ட பைக்குள்ள குடுத்துட்டுத்தான் படியும், அதனாலயும் ஐஸ் சீக்கிரம் கரையுது. ஐஸ் தண்ணி ஊத்துன பிளாஸ்க் வெளிய வேர்க்கவே கூடாது. ஒடம்பு பூரா வேர்த்துச்சுன்னா வெற்றிடம் போயிருச்சு, சரி பண்ண முடியாது, தண்ணி குடிக்கிற சாதா போத்தலா வச்சிக்கலாம். சுடுதண்ணிக்கும் அப்படித்தான், கொதிக்கிற தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் கழிச்சு தொட்டா வாய் ஓரம் கொஞ்சம் சூடா இருக்கலாம், நடு வயிறு சூடா இருக்கக்கூடாது. ஒரே ஒரு எடத்துல மட்டும் சூடா இருந்தா கீழ விழுந்து நசுங்கி உள் சுவரும் வெளி சுவரும் அங்க முட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஓட்டை வாயிலதான்னு தெரிஞ்சிட்டா என்ன பண்ணலாம்ங்குறதும் தானா வருது. நெறைய ஊத்தணும், பாதி பிளாஸ்க்ல வாய் அதே வாய்தான் ஆனா சூடு பாதிதான் இருக்கு, ரெண்டு மடங்கு வேகத்துல ஆறும். அடிக்கடி தொறக்கக்கூடாது, ஒரு கிராம் தண்ணி ஆவியா போனாலே அரை லிட்டர ஒரு டிகிரிக்கு மேல எறக்கிரும், தொறந்து வச்சு பேசிக்கிட்டு இருந்தா அந்த ஆவி எவ்வளவுன்னு யோசிங்க. முன்கூட்டியே சுடுதண்ணி ஊத்தி அலசுறது நல்ல பழக்கம்தான், ஆனா அதுல கெடைக்குறது ரெண்டு மூணு டிகிரி, அதுக்கு மேல எதிர்பாக்க வேணாம். மூடிக்குள்ள இருக்குற ரப்பர் வாஷர் தளர்ந்து போச்சான்னு பாருங்க, எவ்வளவோ பேரு பிளாஸ்க் போச்சுன்னு தூக்கி போடுறாங்க, போனது சில வெள்ளி வாஷராத்தான் இருக்கும்.

பால் விஷயத்துல மட்டும் கொஞ்சம் கண்டிப்பா சொல்லிடறேன். மாமாக் கடையில தே தாரே, அந்த பால் தேத்தண்ணிய வாங்கி பிளாஸ்க்ல ஊத்தி சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்குறவங்க நெறைய பேரு, அது தப்பு. 5 டிகிரிலேருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி பெருகுற எல்லை, கடையில அவங்க தூக்கி தூக்கி ஊத்தும்போதே தே நல்லா ஆறித்தான் நம்ம கைக்கு வருது, அத மூடி வச்சா பிளாஸ்க் என்ன செய்யும், அந்த வெதுவெதுப்பையே மணிக்கணக்குல காப்பாத்தி வைக்கும், பால் கெடறதுக்கு அதவிட நல்ல எடம் கெடையாது. புள்ளைங்களுக்கு கஞ்சி குடுத்து விடுறதும் அப்படித்தான், கொதிக்க கொதிக்க ஊத்தணும், மத்தியானத்துக்குள்ள முடிச்சிரணும். தே ஓ, வரக்கோப்பின்னா பயம் இல்ல, ருசி மட்டும் கொஞ்சம் கசந்து போகும். அப்புறம் கேஸ் உள்ள பானம், டிரை ஐஸ் (உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு) ரெண்டையும் இறுக்கி மூடவே கூடாது, அழுத்தம் ஏறி மூடி தெறிச்சு முகத்துல அடிக்கும். சோடா மாவு போட்டு கழுவும்போதும் மூடிய மூடி குலுக்காதீங்க. குளோரின் கலந்த பிளீச் வேணவே வேணாம், ஸ்டீல அரிச்சு ஊசி ஓட்டை போட்டுரும், அந்த ஊசி ஓட்டை வெற்றிடத்துக்கு என்ன பண்ணும்னு மேலயே சொல்லிட்டேன்.

எங்க வீட்டுல அம்மா தோட்டத்துலேருந்து எடுத்துட்டு வந்த பழைய பிளாஸ்க் ஒன்னு இன்னும் இருக்கு, ரெண்டு லிட்டர் கண்ணாடி, தகரக் கூடு மேல பெரிய செவப்பு பூவு, தக்கை மூடி. தங்கச்சிக்கு கொழந்த பொறந்து இங்க வந்து இருந்தப்ப அம்மா அதுலதான் சுடுதண்ணி வச்சாங்க, நாங்க எல்லாம் புதுசா ஸ்டீல் ஒன்னு வாங்கித் தர்றோம்னு சொல்லியும் கேக்கல. கொழந்தைக்கு பவுடர் பால் கலக்குற தண்ணி 70 டிகிரிக்கு கொறையக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பவுடர்ல இருக்கக்கூடிய கிருமிய கொல்றதுக்கு அந்த சூடு வேணும், கலக்குனதுக்கு அப்புறம் ஆற வச்சு குடுக்கணும். எனக்கு சந்தேகம், இந்த தக்கை மூடி பிளாஸ்க்ல அந்த சூடு நிக்குமான்னு. கிச்சன் தெர்மாமீட்டர் ஒன்னு வாங்கி, காலையில ஏழு மணிக்கு அம்மா கொதிக்க வச்சு ஊத்துன தண்ணிய சாயங்காலம் ஏழு மணிக்கு கப்புல ஊத்தாம பிளாஸ்க்குக்குள்ளயே விட்டு பாத்தேன். 74. ரெண்டு லிட்டர் தண்ணி, ரெண்டு விரல் நொழையுற வாய், தக்கைக்குள்ள கோடிக்கணக்குல காத்து அறை. பக்கத்துல என் அகல வாய் பிளாஸ்க்லயும் அதே நேரம் ஊத்தி வச்சிருந்தேன், அது 50ஐ கூட தொடல. அம்மா ரெண்டையும் பாத்துட்டு ஒன்னும் சொல்லல, கொழந்த அழுதுச்சு, பூ போட்ட பிளாஸ்க்க தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போனாங்க. என்னோடதுல இப்ப ஐஸ் தண்ணி மட்டும்தான்.